சுவரை வார்த்தெடுத்த பொறியியலாளர்

உதைபந்தாட்ட மைதானத்திற் கோல் கம்பங்களின் பின்னே தொங்கும் வலையை அறியாத இளைஞர் யாழ்ப்பாணத்தில் இலர். அவ்வலையை ஆக்கியவரே மாடி வீட்டின் சுவரை வேறோரிடத்தில் வார்த்துக் கொணர்ந்து நிறுத்திக் காட்டினார் என்பதை அறிந்தோர் மிகச் சிலர். அவர் பெயர் ஜோன் அலெக்சாந்தர் புரோடி.

1858ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிட்ஜ்நோர்த் என்னும் ஊரிற் பிறந்த புரோடி, 1898இல் லிவர்பூல் மாநகரப் பொறியியலாளரானார். பந்து கம்பங்களுக்கு உள்ளே சென்றதா, புறத்தே சென்றதா என்று எழுந்த சச்சரவொன்றே 1889இல் அவரை வலையைப் பற்றிச் சிந்திக்கத் தூண்டியது. குறையைக் கண்டால் அதற்கு எளிய வழி தேடும் இயல்பு அவருக்கு வாய்த்திருந்தது.

லிவர்பூல் அக்காலத்திற் பெருந் துறைமுகம். கப்பல்கள் செல்வத்தைக் கொணர்ந்தன. ஏழைகளோ காற்றும் ஒளியும் புகாத ஒடுங்கிய குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்தனர். நகரக் குப்பையை எரித்த உலைகளில் கட்டிச் சாம்பல் மலைபோற் குவிந்தது. இவ்விரு தொல்லைகளையும் புரோடி ஒருங்கே நோக்கினார். அச்சாம்பற் கட்டியை உடைத்துச் சீமெந்துடன் கலந்து, அறையின் ஒரு பக்கம் முழுவதற்கும் போதுமான பெரும் பலகைகளை அச்சுகளில் வார்ப்பித்தார். கதவுக்கும் சன்னலுக்கும் உரிய வாயில்கள் வார்க்கும்போதே விடப்பட்டன. நம்மூரிற் சீமெந்துக் கல் அரிந்து, ஒவ்வொன்றாக அடுக்கி எழுப்பும் சுவர், அங்கே ஒரே துண்டாக வண்டியேறி வந்தது. இவ்வாறு எல்டன் வீதியில் 1905இல் மூன்று மாடிக் குடியிருப்பொன்று எழுந்தது. அதே ஆண்டில் லெச்வேர்த் நகரின் மலிவு வீட்டுக் கண்காட்சியிலும் அவரது வார்ப்புச் சுவர் வீடொன்று இடம்பெற்றது.

ஆயினும் தாய்நாடு அம்முறையை விரைந்து தழுவவில்லை. புரோடியின் புகழ் வேறு பணிகளால் வளர்ந்தது. 1912இல் புதுடில்லிக்கு இடந்தேர்ந்த குழுவில் லட்யென்சுடன் அவரும் அமர்ந்தார். 1920இல் குடிசார் பொறியியலாளர் நிறுவகத்தின் தலைவரானார். அவர் உழைத்த மேர்சி நதியடிச் சுரங்கப்பாதை 1934 யூலையில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார்.

இரண்டாம் உலகப் போரின்பின் வீடிழந்த ஐரோப்பா அவர் காட்டிய வழியிற் சென்றது. பலகைச் சுவர்களால் எண்ணிறந்த மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அவசரமும் உடன் வந்தது. 1968இல் இலண்டனில் ரோனன் பொயின்ற் என்னும் 22 மாடிக் கட்டடத்தில் எரிவாயு வெடிக்க, பலகைகளின் இணைப்புப் போதாமையால் ஒரு மூலை முழுவதும் சரிந்தது; நால்வர் மாண்டனர். சுவர் எத்துணை வலிதாயினும், பொருத்து நலிந்தால் வீடு நில்லாது என்பதை உலகம் உயிர்விலை கொடுத்துக் கற்றது.

எல்டன் வீதிக் கட்டடம் 1964இல் இடிக்கப்பட்டது. லெச்வேர்த் வீடு நிலைத்தது. போரில் வீடிழந்த நம் வடபுலத்துக்கு 65,000 ஆயத்த உருக்கு வீடுகள் தர முற்பட்டபோது, 2016இல் பெரும் எதிர்ப்பு எழுந்தது. வெப்பம் தாங்குமோ, பின்னர் ஓர் அறை கூட்ட இயலுமோ, உள்ளூர் மேசன்மாருக்கு வேலை உண்டோ என்று மக்கள் வினவினர். தன் நகரின் சாம்பலையும் தன் நகர ஏழையின் தேவையையும் கண்முன் வைத்துத் தொடங்கிய புரோடியின் வாழ்வை அறிந்தோர்க்கு அவ்வினாக்களின் நியாயம் எளிதில் விளங்கும்.