புழு இல்லாமல் பட்டு: இந்தியாவில் முதன்முதலில் ரேயான் நூல் தயாரித்த தமிழர் யார்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போகிறவர்கள், ஏரி, லேடீஸ் சீட் எல்லாம் பார்த்துவிட்டு அப்படியே எட்டிப் பார்க்கிற இடம் பட்டுப் பண்ணை. மல்பெரி இலையைத் தின்று வளரும் புழு, சுமார் நாலு வாரத்தில் கூடு கட்டும். ஒரு கூட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம் வரை இழை எடுக்கலாம். ஆனாலும் ஒரே ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். பட்டு ஏன் இவ்வளவு விலை என்பதற்கு இதுதான் பதில்.

சேர்வராயன் மலையை விட்டு இறங்கி சேலம், இளம்பிள்ளை கடைகளுக்குப் போனால் கதையே வேற. பட்டு மாதிரியே மின்னும் சேலைகள் பட்டு விலையில் சின்னப் பங்குக்கே கிடைக்கும். புழுவும் கிடையாது, கூடும் கிடையாது. எல்லாம் செயற்கை இழை. அந்தக் குடும்பத்தில் மூத்த பிள்ளைதான் ரேயான். அதை இந்தியாவிலேயே முதன்முதலில் தயாரித்த ஆலையை நிறுவியவர் ஒரு தமிழர்: எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார்.

யார் இவர்?

சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயர் தந்தவர் எம்.ஏ.சிதம்பரம். அவர் வேறு, இவர் வேறு. இவர் 1908 ஆகஸ்ட் 2-ல் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சர் எம்.சி.டி. முத்தையா செட்டியார் 1929-ல் காலமானார். இருபதுகளின் தொடக்கத்திலேயே குடும்பத் தொழில் முழுவதும் மகன் தலையில் விழுந்தது.

அந்தக் காலத்தில் நகரத்தார் தொழில் என்றால் பெரும்பாலும் வட்டிக்கடைதான். பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் தாண்டிப் பணம் கொடுத்து வாங்கினார்கள். 1930-களின் உலகப் பொருளாதாரச் சரிவில் நெல் விலை வீழ்ந்தது. பர்மாவில் கடனைத் திருப்பித் தர முடியாத விவசாயிகளின் நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. ரொக்கம் போய், விற்க முடியாத நிலமாக முதலீடு முடங்கியது. நிலத்தை இழந்த பர்மியர்களின் கோபமும் வளர்ந்தது.

அடுத்தவர் விளைச்சலை நம்பிக் கடன் கொடுக்கும் தொழில் ரொம்ப நாள் ஓடாது என்பதை அந்தத் தலைமுறையில் சிலர் உணர்ந்துகொண்டார்கள். சிதம்பரம் செட்டியார் எடுத்த முடிவுகளைப் பார்த்தால், அவர் அதைச் சீக்கிரமே உணர்ந்தவர் என்று தெரிகிறது.

முதலில் வங்கி, பிறகு நூல்

1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே நாளில் கிளை திறந்தார். வெளிநாட்டு வணிகம், அந்நியச் செலாவணி ஆகியவைதான் வங்கியின் குறி. அடுத்த வருடமே, 1938-ல், யுனைடெட் இந்தியா தீ மற்றும் பொதுக் காப்பீட்டு நிறுவனம் வந்தது.

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. ரங்கூனை நம்பியிருந்த பல குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பின. அதே போர் நெசவாளர்களையும் அடித்தது. அதுவரை இந்தியத் தறிகளில் ஓடிய செயற்கைப் பட்டு நூல் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. அதில் பெரும்பங்கு ஜப்பானுடையது. போர் மூண்டதும் அந்த வழி அடைந்துபோனது.

நூலை இங்கேயே செய்தால் என்ன? அந்தக் கேள்விக்கான பதில்தான் 1946-ல் உருவான திருவிதாங்கூர் ரேயான்ஸ் நிறுவனம். பெரும்பாவூர் அருகே பெரியாற்றங்கரையில் ஆலை எழுந்தது. அந்த இடத்துக்கே ரேயான்புரம் என்று பெயர் வந்தது. ரேயான் ஆலைக்கு மின்சாரமும் நல்ல தண்ணீரும் ஏராளமாக வேண்டும். பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-லேயே ஓடத் தொடங்கியிருந்தது. தண்ணீருக்குப் பெரியாறு இருந்தது. 1950-ல் உற்பத்தி தொடங்கியது. இந்தியாவில் தயாரான முதல் ரேயான் நூல் அதுதான்.

மரம் எப்படிப் பட்டாகிறது?

ரேயானை ‘செயற்கைப் பட்டு’ என்கிறோம். ஆனால் அதன் மூலப்பொருள் மரம். மரக்கூழ் அட்டைகளைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, பிழிந்து, தூளாக்குவார்கள். கார்பன் டைசல்பைடு சேர்த்தால் தூள் ஆரஞ்சு நிறமாகும். அதை மறுபடி காஸ்டிக் சோடாக் கரைசலில் கரைத்தால் தேன் மாதிரி ஒரு கெட்டிப் பாகு கிடைக்கும். இதற்குப் பெயர் விஸ்கோஸ். அந்தப் பாகை முடியளவு நுண்ணிய துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் இழையாக உறைந்துவிடும். இடியாப்பம் பிழிகிற கணக்குதான்.

பாலியஸ்டர், நைலான் பெட்ரோலியத்தில் பிறப்பவை. ரேயான் அப்படியில்லை. துணியிலிருந்து ஓர் இழையை உருவி எரித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பட்டு, முடி கருகும் வாசனை தரும். ரேயான், காகிதம் எரியும் வாசனை தரும். பாலியஸ்டர் உருகிக் குண்டுமணி மாதிரி இறுகிவிடும்.

அறுந்த இழை

ஆலை நூல் தரத் தொடங்கி நாலே வருடம். 1954 மார்ச் 13-ல் சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் தரையிறங்கும்போது ஒரு பயணிகள் விமானம் நொறுங்கித் தீப்பிடித்தது. 33 பேர் இறந்தார்கள். அவர்களில் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். வயது 45.

அப்போது சென்னை மவுன்ட் ரோட்டில் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக அவர் தொடங்கிய உயரமான கட்டடம் பாதியில் நின்றது. 1956-ல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது. 1959-ல் கட்டடம் திறக்கப்பட்டபோது அது எல்.ஐ.சி. கட்டடம். வங்கி 1969-ல் அரசுடைமையானது. பொதுக் காப்பீட்டு நிறுவனமும் பின்னர் அரசிடம் போனது. அவர் தொடங்கிய இரண்டு நிறுவனங்களும் இன்றும் இயங்குகின்றன. அவர் குடும்பத்துக்குத்தான் சொந்தமில்லை.

ரேயான் ஆலைக்கு அந்த ஆயுள் கிடைக்கவில்லை. திருவிதாங்கூர் ரேயான்ஸ் திறப்பும் மூடலுமாகத் தடுமாறி 2001-ல் ஒரேயடியாக நின்றது. தொழிலாளர்கள் நிலுவைத் தொகைக்காகப் பல வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் சிறுமுகையில் பின்னர் வந்த விஸ்கோஸ் ஆலையும் பவானி ஆற்றைக் கெடுத்ததாக எழுந்த மக்கள் எதிர்ப்பில் சிக்கி, கடைசியில் மூடப்பட்டது. புழுவைக் கொல்லாத நூல் என்று சொல்லலாம்தான். ஆனால் கார்பன் டைசல்பைடு, சுவாசிப்பவர்களின் நரம்பைப் பாதிக்கும் நஞ்சு. கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டால் ஆறு தாங்காது.

இதையெல்லாம் வைத்து அவர் கணக்கு தப்பு என்று சொல்லிவிட முடியுமா? வட்டிக்கு விடுவதைவிட ஒரு பொருளைச் செய்வது மேல் என்று அவர் போட்ட கணக்கு பலித்தது. இன்று ரேயான் இழை உற்பத்தியில் உலகின் முன்வரிசை நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தக் கணக்கில் அன்று யாரும் எழுதாமல் விட்ட செலவு, ஆற்றுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் ஆன செலவு. மூங்கில் பட்டு, மோடல் என்று புதுப்புதுப் பெயர்களில் விஸ்கோஸ் குடும்பத்துத் துணிகள் கடைக்கு வந்துகொண்டிருக்கும் இந்த நாளிலும், அந்தச் செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி.