ஜட்சன் ஐயரும் இரங்கூன் திருச்சபையும்

பிறநாடு சென்று சமயத்தொண்டு புரிந்த பெரியோர் பலர். அவர்தம் சரித்திரங்களை எழுதுவோர் அவர் அடைந்த இன்னல்களையும் இயற்றிய நூல்களையும் நிறுவிய கலாசாலைகளையும் விரித்துரைப்பர். அப்பெரியோர் சென்றவிடத்தில் யாருடன் அமர்ந்து இறைவனை வழிபட்டனர் என்பதை நின்று நோக்குவார் சிலரே. இது சிறு செய்திபோலத் தோன்றினும், சிறிதன்று என்பதே நம் கருத்து. இதனை விளக்குதற்கு அதோனிராம் ஜட்சன் என்னும் அமெரிக்கப் பெரியாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஜட்சன் 1788-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் நாள், மாசசூசெட்ஸ் நாட்டில் மால்டன் என்னும் ஊரிற் பிறந்தனர். தந்தையார் ஒரு சபைக் குரு. மைந்தரோ இளமையிலேயே கூரிய மதியுடையவராய் விளங்கி, பிரவுன் கலாசாலையிற் பயின்று, 1807-இல் தம் வகுப்பின் முதல்வராய்த் தேறினர். அங்கே நண்பர் ஒருவரின் கூட்டுறவால் அவர் தந்தையாரின் சமயத்தில் நம்பிக்கை இழந்தனர். பின்னர் ஒரு நாள் பிரயாணத்தில் ஒரு விடுதியில் தங்கினர் என்றும், அடுத்த அறையில் இரவெல்லாம் ஒருவர் மரணவேதனையில் முனகக் கேட்டனர் என்றும், விடிந்தபின் இறந்தவர் அந்நண்பரே என அறிந்து உள்ளம் கலங்கினர் என்றும் அவர் சரித்திரம் கூறுகின்றது. அக்கலக்கமே அவரை மீண்டும் இறைவன்பால் திருப்பிற்று.

1812-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் ஆன் ஹாசல்டைன் என்னும் நங்கையை மணந்தனர். மறுநாள் சேலம் என்னும் ஊர்த் தேவாலயத்திற் குருப்பட்டம் பெற்றனர். இரு வாரங்கட்குள் இருவரும் கப்பலேறினர். அந்நாளில் அத்தகைய பயணம் மேற்கொண்டோர் மீண்டும் பெற்றோரைக் காண்போம் என எண்ணுதல் அரிது. கல்கத்தாவை அடைந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியார் அவர்களைத் தங்கவொட்டாது துரத்தினர். மொரீசுத் தீவுக்குச் சென்று, அங்கிருந்து 1813 ஜூன் மாதம் நம் சென்னைப் பட்டினத்தில் இறங்கினர். ஈண்டும் கம்பெனியாரின் அச்சம் தொடர்ந்தமையின், புறப்படுதற்கு ஆயத்தமாயிருந்த ஒரே கப்பலில் ஏறினர். அது பர்மா தேசத்து இரங்கூனுக்குச் செல்வது. வழியில் அம்மையாருக்குப் பிறந்த முதற்குழந்தை உயிரின்றிப் பிறந்தது. ஜூலை 13-ஆம் நாள் நோயுற்ற மனைவியாரோடு ஜட்சன் ஐயர் இரங்கூனில் இறங்கினர்.

அவ்வூரில் அவர்களோடு வழிபடுதற்கு யார் இருந்தனர்? ஒருவரும் இலர் எனலாம். சேரம்பூர்க் கேரி ஐயரின் மைந்தர் பீலிக்ஸ் கேரியின் மனை ஒன்றே புகலிடம். கணவனும் மனைவியும் தாமிருவரே சபையாய்த் திருவிருந்து உண்டனர். பர்மிய மொழியோ எழுத்துக்கள் இடையீடின்றித் தொடர்ந்து ஓலையில் எழுதப்பெறுவது; அகராதியும் இலக்கணமும் அவர் விரும்பியவாறு கிடைத்தில. ஆசிரியர் ஒருவரை அமர்த்தி நாள் முழுதும் பயின்றனர். 1815-இற் பிறந்த ஆண்மகவு எட்டுத் திங்களில் இறந்தது. ஆண்டுகள் சென்றன, ஒருவரும் ஞானஸ்நானம் பெற முன்வந்திலர்.

பர்மிய மொழியில் பொது ஆராதனை தொடங்குதற்கு, அம்மொழி பேசும் கிறிஸ்தவர் ஒருவரேனும் உடனிருத்தல் நலம் என ஜட்சன் ஐயர் கருதினர். அத்தகையோர் சிட்டகாங்கில் உளர் எனக் கேட்டு, 1817 டிசம்பரில் அங்குச் செல்லக் கப்பலேறினர். எதிர்க்காற்று அக்கப்பலை வேறு திசையிற் செலுத்திற்று. அவர் கரையேறியது மசூலிப்பட்டினத்தில். அங்கிருந்து ஏறத்தாழ 300 மைல் நிலவழியே சென்னை வந்து, கப்பலுக்காகத் திங்கள் சில காத்திருந்து, 1818 ஆகஸ்டில் இரங்கூன் மீண்டனர். தேடிச் சென்ற துணைவர் கிட்டிலர். இதற்கிடையே கணவர் உளரோ இலரோ என அறியாது, ஊரில் கொள்ளைநோயும் போர்வதந்தியும் பரவ, அம்மையார் தனித்து நின்ற மனத்திண்மையை என்னென்பது! பிறர் வற்புறுத்தலாற் கப்பலேறியும், அதனை விட்டிறங்கித் தம் இல்லத்துக்கே திரும்பினர்.

துணை வேண்டிக் கடலில் அலைந்தவர், இனிக் காத்திருத்தல் வீண் எனத் தெளிந்தனர். பர்மிய மக்கள் வழிப்போக்கர் தங்குதற்கும் அறவுரை கேட்டற்கும் அமைக்கும் சாவடிக்குச் சயாத்து என்று பெயர். பகோடாக்கள் நிறைந்த நெடுஞ்சாலையோரத்தில் 27 அடி நீளமும் 18 அடி அகலமும் உள்ள ஓலைச்சாவடி ஒன்றை ஐயர் கட்டுவித்தனர். மேனாட்டுக் கோபுரமும் மணியும் அதற்கில்லை. 1819 ஏப்ரல் 4-ஆம் நாள் அதில் முதன்முறை பர்மிய மொழியில் ஆராதனை நடந்தது. வந்தோர் குழந்தைகள் நீங்கலாகப் பதினைவர். அமைதியில்லை, கவனமில்லை. ஆயினும் வெண்மணற்பரப்பில் ஊறும் சிறு நீரூற்றுப்போல அது தொடங்கிற்று. அம்மையாரும் பெண்களைத் தனியே கூட்டி மறைநூல் படித்தனர்.

அவ்வாண்டு ஜூன் 27-ஆம் நாள், மௌங் நௌ என்னும் எளிய பர்மியர், அருகிலிருந்த குளத்தில் ஞானஸ்நானம் பெற்றனர். அடுத்த ஞாயிறு ஜூலை 4-ஆம் நாள். அன்று ஜட்சன் ஐயர் இரண்டு மொழிகளில் திருவிருந்து பரிமாறினர். ஆறாண்டுகள் அயல்நாட்டாரே உண்ட அப்பந்தியில் அந்நாட்டு மைந்தர் ஒருவர் அமர்ந்தனர். அது பெருந்திரளன்று, ஒருவரே. அவ்வொருவர் வந்தமையால் அக்குடும்ப வழிபாடு சபை வழிபாடாயிற்று.

ஆயினும் அப்பந்தியில் அமர்ந்த இருசாரார்க்கும் அபாயம் ஒத்ததன்று. அயல்நாட்டாராகிய ஐயருக்குக் கப்பலேறிச் செல்லும் வழியுண்டு. பர்மியருக்கோ அரசனே நிலத்துக்கும் உயிருக்கும் உரியவன். அவன் சமயத்தை விட்டவர் உயிரிழத்தலும் கூடும். அவ்வாண்டு நவம்பரில் மேலும் இருவர், பிறர் காணாவாறு பொழுது சாயும் வேளையில் ஞானஸ்நானம் பெற வேண்டினர். அவ்வச்சத்தை நாம் இகழ்தல் தகாது. வழிபடுதற்கு நம்மில் யார் அத்துணை விலை கொடுத்தோம்?

இவ்வச்சத்தை நீக்கவேண்டி ஐயர் தம் துணைவர் கோல்மனோடு ஐராவதி ஆற்றின்வழியே தலைநகர் சென்றனர். 1820 ஜனவரியில் பஜிதா மன்னனைக் கண்டு, மக்கள் அச்சமின்றி வழிபட உத்தரவு வேண்டினர். மன்னன் விண்ணப்பத்தைப் படித்து விடையின்றித் திருப்பிக் கொடுத்தான். உடன் கொடுத்த சிறுநூலைத் தரையிற் போட்டான். மனமுடைந்து மீண்ட ஐயர், ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த சிட்டகாங்குப் பக்கம் போய்விடுதலே தக்கது எனத் துணிந்து சீடரிடம் கூறினர். அவர்களே அஞ்சி விலகுவர் என்பது அவர் எண்ணம். நிகழ்ந்ததோ வேறு. எட்டுப்பேர் பத்துப்பேர் சேருமளவேனும் தங்களைவிட்டுப் போதலாகாது என அச்சீடர் மன்றாடினர். ஐயர் தங்கினர்; கோல்மன் மட்டும் சென்றனர். சபையை உண்டாக்க வந்தவரை, உண்டான சபை நிறுத்திக்கொண்டது! அன்றே அச்சபை பர்மியருக்கு உரியதாயிற்று என்பது நம் துணிபு. அவ்வாண்டு ஜூலை 18-ஆம் நாள் மா மென்லா என்னும் பெண்மணி ஞானஸ்நானம் பெற, சீடர் தொகை பத்தாயிற்று. பர்மியப் பெண்களுள் முதல்வர் அவரே. பின்னர் அவ்வம்மையார் தம் இல்லத்திற் சிறுவர்க்குப் பள்ளியும் நடத்தினர்.

1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டது. ஒற்றர் என ஐயுற்று, ஜூன் 8-ஆம் நாள் ஐயரை ஆவா நகரிற் சிறையிட்டனர். மூன்று இணை விலங்கு பூண்டு அவர் கிடந்தபோது, அம்மையார் அதிகாரிகள் வாயில்தோறும் நடந்து உணவும் இரக்கமும் வேண்டினர்; கைக்குழந்தையை ஏந்திச் சிறைவாயிலில் நின்றனர். புதிய ஏற்பாட்டின் பர்மிய மொழிபெயர்ப்பைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து ஐயரிடம் சேர்த்தனர். வேறு சிறைக்கு மாற்றியபோது அத்தலையணை எறியப்பட்டது. மௌங் இங் என்னும் சீடர், ஐயரின் நினைவுப்பொருளாக அதன் பஞ்சுத்திரளை எடுத்துவைத்தனர். திங்கள் பல கழிந்தபின், உள்ளே ஏடுகள் பழுதின்றி இருக்கக் கண்டனர். ஐயர் விடுதலையுற்றார், அம்மையாரோ 1826 அக்டோபர் 24-ஆம் நாள் ஆம்ஹர்ஸ்டில் உயிர்நீத்தனர். அடுத்த ஆண்டு அக்குழந்தையும் இறந்தது.

அப்போதும் ஐயர் தம் பணியைக் கைவிட்டாரிலர். 1834 ஜனவரியில் வேதாகமம் முழுவதையும் பர்மிய மொழியில் முடித்தனர். அகராதிப் பணியிலும் இறுதிவரை உழைத்தனர். உடல்நலம் வேண்டிக் கடற்பயணம் செய்கையில், 1850 ஏப்ரல் 12-ஆம் நாள் கப்பலிலேயே உயிர் துறந்தனர். உடல் கடலில் அடக்கப்பெற்றது, கல்லறையில்லை. இன்று மியன்மா எனப் பெயர்பெற்ற அந்நாட்டில், அவர் மொழிபெயர்ப்பைச் சபைகள் இன்னும் ஓதுகின்றன. அதுவே அவர் கல்லறை.

அன்பார்ந்த மாணவ நேயர்காள்! நம்மிற் சிலர் நாளை கடல் கடந்து செல்லுதல் கூடும். சிலர் அடுத்த சிற்றூருக்கேனும் தொண்டாற்றச் செல்லுதல் திண்ணம். அங்கே கற்பிக்கும் ஆசிரியராய் உயர்ந்த பீடத்தில் நிற்றல் எளிது. அவ்வூராரோடு ஒரே தரையில் அமர்ந்து, அவர் மொழியில் இறைவனை அழைத்து, அவர்க்குள்ள அபாயத்தையும் உணர்ந்து, அவர் இருவென்னுங்கால் இருத்தலே அரிது. அவ்வரிய செயலை ஜட்சன் ஐயரும் அம்மையாரும் செய்தனர். ஆதலின் அவர் பெயரை நாம் மறவாதிருப்போமாக.