புரூஸ் லீ: கூச்சல் தெரியும், குரல் தெரியுமா?

மஞ்சள் உடை. சங்கிலி கோத்த இரண்டு கட்டைகள். உடம்பைச் சிலிர்க்கவைக்கும் அந்தக் கூச்சல். 'புரூஸ் லீ' என்றதும் இவற்றில் ஒன்றாவது உங்கள் மனத்தில் ஓடியிருக்கும்.

அவர் இறந்து 50 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் டி-ஷர்ட்டில் இருக்கிறார், மீம்ஸில் இருக்கிறார், கேம்ஸில் இருக்கிறார். முகம் தெரியாதவர்கள் ரொம்பக் குறைவு.

சரி, அவர் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

படத்தில்தான் பேசினாரே என்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

'தி வே ஆஃப் தி டிராகன்' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதை, இயக்கம், சண்டை அமைப்பு, கதாநாயகன் எல்லாமே புரூஸ் லீதான். 1972 டிசம்பர் கடைசியில் ஹாங்காங்கில் வெளியானது. இப்போது 4கே தரத்துக்குப் புதுப்பிக்கப்பட்டு புளூரே வட்டாகக் கிடைக்கிறது. அமெரிக்காவின் 'கிரைட்டீரியன்' நிறுவனம் 2020இல் அவருடைய முக்கியமான 5 படங்களை ஒரே பெட்டியில் போட்டு வெளியிட்டது. அதில் இதுவும் ஒன்று.

வட்டைப் போட்டு மொழித் தெரிவுக்குப் போங்கள். மாண்டரினோ ஆங்கிலமோ, எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். கதாநாயகன் டாங் லுங் பேசுவது புரூஸ் லீயின் குரலாக இருக்காது. யாரோ ஒரு பின்னணிக் குரல் கலைஞர் பேசியிருப்பார்.

அவரே எழுதிய வசனம், அவரே இயக்கிய காட்சி. குரல் மட்டும் அவருடையது இல்லை. ஏன் அப்படி? அதற்கு அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் முதலிலிருந்து பார்க்கவேண்டும்.

மேடைக் குடும்பத்துப் பிள்ளை

புரூஸ் லீ பிறந்தது ஹாங்காங்கில் இல்லை, அமெரிக்காவில். 1940 நவம்பர் 27ஆம் தேதி, சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் பிறந்தார்.

அப்பா லீ ஹோய் சுவென் கேண்டனீஸ் இசை நாடகக் கலைஞர். குழுவோடு அமெரிக்காவைச் சுற்றிவந்த நேரத்தில்தான் பிள்ளை பிறந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு படத்தில் தலைகாட்டிவிட்டார். 'கோல்டன் கேட் கேர்ள்' என்ற அந்தப் படத்தில் அவருக்குப் பெண் குழந்தை வேடம்!

1941இல் குடும்பம் ஹாங்காங் திரும்பியது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர்கள் அங்கே நுழைந்தார்கள்.

போர் முடிந்த பிறகு, பள்ளி வயதிலேயே அவர் குழந்தை நட்சத்திரம். 1950இல் வந்த 'தி கிட்' படத்திலிருந்து 'சிறிய டிராகன்' என்று பொருள்படும் 'லீ சியு லுங்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 18 வயதுக்குள் சுமார் 20 படங்கள். அத்தனையும் கேண்டனீஸ் மொழிப் படங்கள். அதாவது, வீட்டில் பேசிய அதே மொழி.

இடையில் இப் மான் என்ற ஆசானிடம் 'விங் சுன்' தற்காப்புக் கலை கற்றார். தெருச் சண்டையும் போட்டார். 1958இல் ஹாங்காங்கின் சா-சா நடன வெற்றியாளரும் அவர்தான். நடனத்தைச் சும்மா சொல்லவில்லை. அவருடைய சண்டைக் காட்சியில் காலை மட்டும் கவனித்துப் பாருங்கள், புரியும்.

சண்டை ஓயவில்லை. பெற்றோர் கவலைப்பட்டு 1959இல் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் 100 டாலர்தான் இருந்தது என்பார்கள்.

அமெரிக்காவில்: ஆள் இருக்கிறார், வசனம் இல்லை

சியாட்டலில் ஓர் உணவகத்தில் வேலை, பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பு. பட்டம் வாங்கவில்லை. அதற்குள் தற்காப்புக் கலைப் பள்ளி ஒன்றைத் தொடங்கிவிட்டார். வெள்ளையரோ கறுப்பரோ ஆசியரோ, யார் வந்தாலும் சொல்லிக்கொடுத்தார். மாணவியாக வந்த லிண்டாவை 1964இல் திருமணம் செய்தார்.

அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த கராத்தே போட்டியில் அவர் செய்துகாட்டியதைப் பார்த்தவர்கள் மூலம் தொலைக்காட்சி வாய்ப்பு வந்தது. 'தி கிரீன் ஹார்னெட்' தொடர், 1966இல். கதாநாயகனின் காரோட்டி 'கேட்டோ' வேடம். முகத்தில் கறுப்பு முகமூடி.

உதை பிரமாதம். ஆனால் பேச எவ்வளவு கொடுத்தார்கள்? கொஞ்சம்தான். முதலாளி பேசுவார், கேட்டோ அடிப்பார். 26 பாகங்களோடு தொடர் நின்றுபோனது.

அதன்பின் சில ஆண்டுகள் சின்னச் சின்ன வேடங்கள். பிரபலங்களுக்குத் தனிப் பயிற்சியும் கொடுத்தார். ஸ்டீவ் மெக்குவீன், ஜேம்ஸ் கோபர்ன், கூடைப்பந்து நட்சத்திரம் கரீம் அப்துல் ஜபார் எல்லாரும் அவரிடம் பயின்றவர்கள். 1970இல் முதுகில் பலத்த காயம் பட்டு, பல மாதம் படுக்கை.

'குங் ஃபூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு அவர் பெயரும் அடிபட்டது. கடைசியில் சீனத் துறவி வேடம் டேவிட் கேரடின் என்ற வெள்ளை நடிகருக்குப் போனது. அந்தக் கால ஹாலிவுட் அப்படித்தான் இருந்தது. சீனர் கதையென்றாலும் சீனர் நாயகனாக வருவதற்குத் தயக்கம்.

ஹாங்காங்கில் வேறு விதமான சிக்கல்

ஷா பிரதர்ஸ் நிறுவனத்திலிருந்து விலகிய ரேமண்ட் சௌ 1970இல் 'கோல்டன் ஹார்வெஸ்ட்' நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். இதில் நம்ம ஊர்த் தொடர்பும் இருக்கிறது. சிங்கப்பூரின் 'கேத்தே' நிறுவனம் ஹாங்காங்கில் வைத்திருந்த படப்பிடிப்பு நிலையம்தான் கோல்டன் ஹார்வெஸ்ட் கைக்குப் போனது. சிங்கப்பூர், மலேசியாவில் படங்களைத் திரையிட கேத்தே திரையரங்குகளும் கிடைத்தன.

கோல்டன் ஹார்வெஸ்ட் புரூஸ் லீயை அழைத்தது. 1971இல் 'தி பிக் பாஸ்'. (நீங்கள் நினைக்கும் அந்த டிவி நிகழ்ச்சி இல்லை!) 1972இல் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி'. இரண்டுமே ஹாங்காங் வசூல் சாதனையை முறியடித்தன.

ஆனால் அவர் சிறுவயதில் நடித்த கேண்டனீஸ் சினிமா இப்போது கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. சந்தை முழுக்க மாண்டரின் படங்கள். தைவானிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் விற்கவேண்டுமென்றால் மாண்டரின்தான்.

இன்னொன்று, அந்தக் காலத்து ஹாங்காங் படங்களைப் பெரும்பாலும் ஒலி பதிவுசெய்யாமல்தான் எடுத்தார்கள். நடிகர் தமக்குத் தெரிந்த மொழியில் வாயசைப்பார். எல்லாம் முடிந்த பிறகு கலைஞர்கள் உட்கார்ந்து பின்னணிக் குரல் கொடுப்பார்கள். செலவும் குறைவு, எத்தனை மொழிக்கு வேண்டுமானாலும் மாற்றலாம்.

அதனால் அமெரிக்காவில் வசனம் கிடைக்காத மனிதருக்கு, சொந்த ஊரில் வசனம் கிடைத்தது, குரல் கிடைக்கவில்லை.

மொழி தெரியாதவன் கதை

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'தி வே ஆஃப் தி டிராகன்' பாருங்கள். படத்தின் ஆரம்பமே வேறு மாதிரித் தெரியும்.

ரோம் விமான நிலையம். ஹாங்காங்கின் கிராமப்புறத்திலிருந்து வந்திறங்கிய டாங் லுங் தனியாக நிற்கிறான். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி அவனை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நகரவே மாட்டார். பசி வேறு. உணவகத்துக்குள் போகிறான். உணவுப் பட்டியல் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எதையோ விரலால் காட்டுகிறான். வரிசையாக சூப், சூப், சூப்!

கோபப்படுகிறானா? இல்லை. கெத்தை விடாமல் அத்தனை சூப்பையும் குடித்துமுடிக்கிறான். படம் முழுக்கக் கழிவறையைத் தேடி ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

உலகமே சண்டைக்காரர் என்று கொண்டாடிய ஒருவர், தாமே இயக்கிய முதல் படத்தை அடிதடியில் தொடங்கவில்லை. வாய் திறக்க முடியாமல் ஒரு வெளிநாட்டில் விழிப்பதில் தொடங்கினார். 18 வயதில் அமெரிக்கா போனவருக்கு அந்த விழிப்பு தெரியாமலா இருக்கும்?

கதை சிக்கலில்லாதது. ரோமில் ஒரு சீன உணவகம், அதை மிரட்டிப் பறிக்க நினைக்கும் ரவுடிக் கும்பல், காப்பாற்ற வரும் டாங் லுங். ரவுடித் தலைவனுக்குச் சீனம் தெரியாது, டாங் லுங்குக்கு வேறு மொழி தெரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அந்த மொழிபெயர்ப்பாளர் பாத்திரத்தை வைத்துச் செய்யும் கேலி இன்று பார்க்க நெளியவைக்கிறது. புதுப்பித்த பிரதி அதையும் தெளிவாகத்தான் காட்டுகிறது.

4கேவில் என்ன கூடுதலாகத் தெரியும்?

புதுப்பிப்பது என்றால் பழைய வீடியோவைப் பளபளப்பாக்குவது இல்லை. மூல ஃபிலிம் சுருளைத் தேடியெடுத்து, தூசு தட்டி, ஒவ்வொரு சட்டமாக ஸ்கேன் செய்கிறார்கள். ஒரு விநாடிக்கு 24 சட்டம். கீறல், கறை நீக்கம், பிறகு வண்ணச் சீர்திருத்தம். ஃபிலிமுக்கே உரிய சின்னச் சின்னப் புள்ளிகளை அளவுக்குமேல் அழித்துவிட்டால் முகம் மெழுகு மாதிரி ஆகிவிடும். அதனால் எங்கே நிறுத்தவேண்டும் என்பதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி.

பலன்? கடைசிச் சண்டை. ரோமின் கொலோசியம் அரங்கம். எதிரில் நிஜ வாழ்க்கையிலும் கராத்தே வெற்றியாளரான சக் நோரிஸ். கொலோசியத்தில் கொஞ்சம்தான் எடுக்க முடிந்தது, மீதியை ஹாங்காங்கில் அரங்கம் அமைத்து எடுத்தார்கள். பழைய மங்கிய பிரதியில் வித்தியாசம் தெரியாது. இப்போது எது ரோம், எது தீட்டிய திரை என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

மாயை கொஞ்சம் கலைகிறதுதான். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பின்னணி பொய்யென்று தெரியும்போது, முன்னால் நிற்கும் இரண்டு உடம்புகள் எவ்வளவு நிஜம் என்பது இன்னும் உறைக்கிறது.

முதலில் டாங் லுங் அடிவாங்குகிறான். விழுகிறான். பிறகு உடம்பைத் தளர்த்தி, துள்ளித் துள்ளிக் கால் மாற்றத் தொடங்குகிறான். சா-சா ஞாபகம் வருகிறதா? ஒரே பாணியில் மாட்டிக்கொள்ளாதே என்பதுதான் அவர் 1967இல் பெயர் சூட்டிய 'ஜீட் குன் டோ' முறையின் அடிப்படை. அந்தப் பாடத்தை ஒரு வசனம்கூட இல்லாமல், கால்களாலேயே நடத்துகிறார். பக்கத்தில் ஒரு பூனைக்குட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.

எதிராளி இறந்ததும் டாங் லுங் கொண்டாடுவதில்லை. அவனுடைய சட்டையையும் கறுப்பு இடைவாரையும் எடுத்துவந்து உடல்மேல் போர்த்துகிறான். சற்று நேரம் மண்டியிட்டு இருக்கிறான். இங்கும் பேச்சு இல்லை.

ஹாங்காங்கில் மட்டும் சுமார் 53 லட்சம் ஹாங்காங் டாலர் வசூல். மறுபடியும் சாதனை.

கடைசியில் கிடைத்த குரல்

இவ்வளவுக்குப் பிறகுதான் ஹாலிவுட் இறங்கிவந்தது. வார்னர் பிரதர்ஸ் அழைப்பு வந்ததும், பாதி எடுத்திருந்த 'கேம் ஆஃப் டெத்' படத்தைப் புரூஸ் லீ நிறுத்திவைத்தார். 'என்டர் தி டிராகன்' தொடங்கியது. ஆங்கிலப் படம். நாயகன் அவர். குரலும் அவருடையது.

1973 மே 10. அந்தப் படத்துக்குக் குரல் பதிவுசெய்ய கோல்டன் ஹார்வெஸ்ட் நிலையத்துக்குப் போனார். அங்கேயே மயங்கி விழுந்தார். மூளை வீக்கம் என்றார்கள் மருத்துவர்கள். தேறிவந்தார்.

ஜூலை 20ஆம் தேதி, கவுலூனில் நடிகை பெட்டி டிங் பெய்யின் வீட்டில் தலைவலி என்று மாத்திரை போட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் மூளை வீக்கம். வயது 32.

அன்றிலிருந்து வதந்திக்குப் பஞ்சமே இல்லை. குண்டர் கும்பல், சாபம், விஷம்... எல்லாம் சொல்லிவிட்டார்கள். மாத்திரையால் ஏற்பட்ட ஒவ்வாமை, தற்செயல் மரணம் என்பதுதான் ஹாங்காங் விசாரணையின் முடிவு. வெப்பத் தாக்கம், உடலில் நீர் அளவு கூடியது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வேறு விளக்கங்களும் தந்திருக்கிறார்கள். சதி என்பதற்கு ஆதாரம் எதுவும் வந்ததில்லை.

'என்டர் தி டிராகன்' அமெரிக்காவில் ஓடத் தொடங்கியது ஆகஸ்ட் மாதம். அவர் பார்க்கவில்லை.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியதும், 'தி வே ஆஃப் தி டிராகன்' படத்தை 1974இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பெயரை மாற்றினார்கள்: 'ரிட்டர்ன் ஆஃப் தி டிராகன்'. முன்னால் எடுத்த படம், ஏதோ அடுத்த பாகம்போல வெளிவந்தது. திரும்பி வருவதற்கு ஆள்தான் இல்லை.

1978இல் 'கேம் ஆஃப் டெத்' நிலைமை இன்னும் மோசம். அவர் எடுத்துவைத்த சில நிமிடக் காட்சிகளோடு மாற்று ஆட்களை நடிக்கவைத்து ஒப்பேற்றினார்கள். ஓரிடத்தில் கண்ணாடியில் அவர் முகப்படத்தை ஒட்டியிருப்பது அப்பட்டமாகத் தெரியும். அவருடைய உண்மையான இறுதிச்சடங்குக் காட்சிகளையும் படத்தில் சேர்த்தார்கள். அதைப் பார்க்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். அவர் எடுத்த காட்சிகளை மட்டும் தொகுத்த பகுதி அதே 2020ஆம் ஆண்டுப் பெட்டியில் தனியாக இருக்கிறது. அது போதும்.

எப்படிப் பார்க்கலாம்?

'தி வே ஆஃப் தி டிராகன்' படத்தை மாண்டரினில் வைத்து, வசன வரிகளோடு பாருங்கள். ஆங்கில டப்பிங்கில் எல்லாரும் ஒரே மொழி பேசுவதால் சூப் காட்சியின் சுவையே போய்விடும்.

அவர் குரல் வேண்டுமா? 1971 டிசம்பரில் கனடா செய்தியாளர் பியர் பெர்ட்டனுக்கு அவர் கொடுத்த தொலைக்காட்சி நேர்காணல் இருக்கிறது. பல ஆண்டு காணாமல்போய், 1994இல் மறுபடியும் ஒளியேறியது. 25 நிமிடம்கூட வராது. வேகமாக, சிரித்துக்கொண்டே, கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்.

இல்லையென்றால் 'என்டர் தி டிராகன்' ஆரம்பத்தில், ஒரு சின்னப் பையனுக்கு உதைக்கச் சொல்லிக்கொடுக்கும் காட்சிக்குப் போங்கள். பையன் கவனம் சிதறும்போது தலையில் ஒரு தட்டு தட்டுவார். கேண்டனீஸ் சாயல் கலந்த அந்த ஆங்கிலம் அவருடையதுதான். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள்.