உயிர்களைப் பெயர் சொல்லி அறிந்தவர்: மா. கிருஷ்ணன்

ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களில் வளரும் நம் பிள்ளைகள் ஆப்பிரிக்கச் சிங்கத்தின் நடையைத் தொலைக்காட்சியில் கண்டு நன்கறிவர். ஆனால் புறக்கடை வேலியில் வந்தமரும் செம்போத்தை அறிவாரோ என்பது ஐயமே. தொலைக்காட்சி வருவதற்கு முன்னரே, எழுத்தாலும் படத்தாலும் நம் நாட்டு உயிர்களை நமக்குக் காட்டிய பெரியார் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். அவரே மா. கிருஷ்ணன்.

1912ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்த இவர், 'பத்மாவதி சரித்திரம்' இயற்றிய அ. மாதவையாவின் இளைய மகனாவார். பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் வாதிட்டுக் கொண்டிருந்தபோதே மாதவையா உயிர்நீத்தார். அது 1925ஆம் ஆண்டு. கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தமிழாசிரியர்கள் இந்நிகழ்ச்சியை இன்னும் அடிக்கடி நினைவுகூர்தல் தகும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார், சட்டமும் கற்றார். 1942இல் சண்டூர் சமஸ்தானத்தில் பணியேற்று அங்கே பல பொறுப்புகள் வகித்தார். அந்நாட்டுக் குன்றுகளும் புதர்க்காடுகளுமே அவருக்குப் பெரும்பள்ளியாயின எனலாம். சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபின் சென்னை திரும்பியவர், வேறு உத்தியோகம் நாடாது எழுத்தையே நம்பி வாழத் துணிந்தார். குடும்பத்தைத் தாங்க வேண்டியவர்க்கு அஃது எளிய துணிவன்று.

1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி ஒன்றைத் தொடங்கினார். இரு வாரத்திற்கொரு முறை, நாற்பத்தாறு ஆண்டுகள் அது வெளிவந்தது. அதில் யானையும் உண்டு, புலியும் உண்டு. ஆயினும் காக்கை, அணில், ஓணான், கீரி முதலிய அண்டைவீட்டு உயிர்களுக்கு அவர் அளித்த இடமே அப்பத்தியின் தனிச்சிறப்பு. சித்திரங்களையும் தாமே வரைந்தார். காட்டில் கால்நடையாகவும் யானை மீதமர்ந்தும் திரிந்து, கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். தாமே பாகங்களைச் சேர்த்தமைத்த கனத்த ஒளிப்படக் கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார்.

1968இல் ஜவகர்லால் நேரு நல்கை பெற்று, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்தார். பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தது.

அவர் சமணரல்லர். உயிர்களிடத்து அவர் கொண்டது வெறும் இரக்கமும் அன்று. எவ்வுயிர் எவ்விடத்தில், எதனை உண்டு, எவ்வாறு வாழ்கிறது என்று அறிந்து, அதன் இடத்தை அதற்கே விட்டுவைக்கும் மதிப்பு அது. ஆகவேதான் ஓரறிவுயிராகிய மரத்திலும் அவர் கண்டிப்பாக இருந்தார். பூவழகிற்காக அயல்நாட்டு மரங்களை நடுவதை இறுதிவரை எதிர்த்தார். கொல்லாமையைக் குலவொழுக்கமாகக் கொண்ட நாம், கொல்லாது விட்ட உயிரின் பெயரையேனும் அறிந்திருக்கிறோமா? எறும்புக்கு வழிவிட்டு நடக்கும் நம் இல்லங்களிலேயே, அது வாழும் புற்றைச் சிமெண்டு பூசி மூடவும் காண்கிறோம்.

1996 பிப்ரவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார். அவரது கடைசிப் பத்தி அன்றைய இதழில்தான் அச்சாகியிருந்தது. அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கியுள்ளார். பள்ளி விடுமுறையில் மலையேறும் பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்ப ஏற்ற நூல் அது.