லூயி பிரெயில்

பிரான்சு நாட்டுத் தலைநகராகிய பாரிசுக்குக் கிழக்கே கூப்ரே என்னும் சிற்றூர் உள்ளது. அங்குக் குதிரைச் சேணம் தைத்து வாழ்ந்த ஒருவரின் மகனாக 1809-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் பிறந்தார் லூயி பிரெயில். மூன்றாம் வயதில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடினார். அது கண்ணிற் பாய்ந்தது. புண் முற்றி மற்றைக் கண்ணையும் பற்றியது. ஐந்து வயதிற்குள் இரு கண்களும் ஒளி இழந்தன.

பத்தாம் வயதில் பாரிசிலிருந்த பார்வையற்றோர் பள்ளியிற் சேர்ந்தார். அங்கு இசை சிறப்பாகக் கற்பிக்கப்பட்டது. செல்லோ என்னும் நரம்புக் கருவியும், ஆர்கன் என்னும் பெருங்காற்றுக் கருவியும் அவருக்குக் கைவந்தன. ஆயினும் ஒரு பெருங்குறை இருந்தது. கண்ணுடைய மாணவர் இசைக் குறிப்பைப் பார்த்துத் தாமே பயில்வர். இவர்களோ பிறர் இசைத்துக் காட்டக் கேட்டே பாடம் பண்ண வேண்டும். மறந்தால் மீண்டும் பிறரையே நாட வேண்டும். செவி கூர்மையாயிருப்பின் அது போதாதோ என்பார் உளர். கேள்வியறிவு பெரிதுதான், ஆயினும் ஏட்டைத் தானே எடுத்துப் பயிலும் உரிமைக்கு அஃது ஈடாகாது.

பார்பியே என்னும் படைத்துறையாளர் பன்னிரண்டு புள்ளிகளால் எழுதும் முறை ஒன்றை வகுத்திருந்தார். அதன் குறிகளை விரல்நுனி ஒருங்கே உணர இயலவில்லை. பிரெயில் அவற்றை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். அப்பொழுது, 1824-இல், அவருக்கு வயது பதினைந்தே! அவ்வாறு புள்ளிகளால் 63 குறிகள் அமையும். 1829-இல் வெளியிட்ட நூலில் எழுத்துக்கேயன்றி இசைக்கும் அவர் வழி கண்டார். பின்னர்த் திருந்திய முறையில் மேலுள்ள நான்கு புள்ளிகள் சுரத்தையும், கீழுள்ள இரண்டு கால அளவையும் உணர்த்தும். பாடுவோர் தடவிக்கொண்டே பாடலாம். கருவி இசைப்போர்க்கு அஃது எளிதன்று. ஒரு கை படிக்க, மறு கை இசைத்துப் பழகும். பின்பு கை மாற்றிப் பயின்று, முழுவதையும் மனத்திற் பதித்த பின்னரே அவையேறுவர். உழைப்பு மிகுதியே, எனினும் பிறர் வரவை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டுவதில்லை.

பிரெயில் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார்; பாரிசுக் கோயில்களில் ஆர்கன் இசைத்தார். ஆனால் 1840-இல் பள்ளித் தலைமை ஏற்றவர், கண்ணுடையார் எழுத்தை மேடிட்டு அச்சிடுதலையே விரும்பிப் புள்ளிமுறையைத் தடுத்தார். மாணவர் விடவில்லை; மறைவில் எழுதினர். 1844-இல் பள்ளியின் புதுக்கட்டடத் திறப்பு விழாவில், துணைத்தலைவரின் முயற்சியால், அம்முறை அவையோர் முன் காட்டப்பெற்றது. தடையும் நீங்கியது.

காசநோயால் நலிந்த பிரெயில் 1852-இல் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்தே பிரான்சு நாடு அவர் முறையை ஏற்றது. 1952-இல் அவரது உடல் பாரிசிலுள்ள பாந்தியோன் என்னும் சான்றோர் நினைவகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. கைகளை மட்டும் கூப்ரே ஊரார் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.