அணையா அடுப்பு தந்த வள்ளலார்

யூபிலி மலரில் புனிதர் வரலாறுகளோடு வடலூர் இராமலிங்க அடிகளின் வாழ்வையும் நினைவுகூர்வது பொருத்தமே. பசித்தோரில் தம்மைக் காணச் சொன்ன ஆண்டவரின் பிள்ளைகள் நாம். பசிப்பிணி தீர்த்தவர் எம்மதத்தவராயினும் அவரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

1823 அக்டோபர் 5ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளை, சின்னம்மை தம்பதியருக்கு மகனாய்ப் பிறந்தார் அடிகள். கைக்குழந்தையாய் இருக்கும்போதே தந்தையை இழந்தார். சென்னையில் தமையனார் ஆதரவில் வளர்ந்தார். பின்னர் வடலூர்ப் பக்கம் கருங்குழியில் தங்கி, 1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். பசி நீக்குதலே ஜீவகாருண்யத்தின் முதற்கடன் என்று போதித்தார்.

அது பஞ்ச காலம். 1866இல் ஒரிசாவில் வியாபாரிகளே தானியம் கொண்டுவருவார்கள் என்று அரசாங்கம் வாளாவிருந்தது. பிறகு அரிசி அனுப்ப முயன்றபோது, மழைக்காலக் கடல் கப்பல்களைக் கரைசேர விடவில்லை. ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். நம் சென்னை மாகாணத்திலும் பஞ்சம் தலைகாட்டியது.

மறு ஆண்டு, 1867 மே 23ஆம் நாள், வடலூரில் அடிகள் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். அதற்கு ஊரார் மனமுவந்து 80 காணி நிலம் கொடுத்தனர். சாதி, சமயம் கேளாமல் வந்தவர்க்கெல்லாம் சோறிட்டார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது.

1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அடிகள் அறைக்குள் சென்று கதவடைத்துக்கொண்டார். அதன்பின் யார் கண்ணுக்கும் தென்படவில்லை. மூன்றாண்டுகளுக்குள் தாது வருடப் பஞ்சம் மாகாணத்தையே உலுக்கியது. 1877 தொடக்கத்தில், செலவு மிகுகிறதென்று, நிவாரண வேலை செய்தோரின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாக அரசாங்கம் குறைத்தது. சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்கள் கழித்தே கூலி கூட்டப்பட்டது. அதற்குள் இழந்த உயிர்கள் திரும்பவில்லை.

அன்பார்ந்த பங்கு மக்களே, அரசாங்கத்தின் உதவி தேவையானதே. அதைக் கேட்டுப் பெறுவது ஏழையின் உரிமை. ஆயினும் உத்தரவு வரும்வரை வயிறு காத்திராது. பஞ்சம் வந்தபின் விறகு தேடுவோர் பலர். அடிகளோ அடுத்த பஞ்சத்திற்கு முன்பே அடுப்பை மூட்டி வைத்தார். அவருடைய பெருமை அதில்தான் இருக்கிறது.

கண்மாய் நிறைந்தால் சோறு, வறண்டால் பட்டினி என்று நம் முன்னோர் வாழ்ந்த சீமை இது. இன்றும் ரேஷன் அரிசி தாமதப்படும் வாரத்திலும், முதியோர் உதவித்தொகை நின்றுபோகும் மாதத்திலும் நம் தெருவிலேயே சில வீடுகளில் உலை ஏறுவதில்லை. கேட்கக் கூச்சப்பட்டு அவர்கள் வாய் திறப்பதுமில்லை.

ஆகவே அன்பியம்தோறும் ஒரு பிடியரிசிப் பானை வைப்போம். அன்றாடம் உலையிடும் முன் ஒரு பிடி எடுத்து அதில் போடுவோம். எந்த வீட்டில் புகை எழவில்லை என்பதைக் கேளாமலே அறிந்து, இரவு விழுமுன் கொண்டு சேர்ப்போம். யூபிலி விளக்குகளை விழா முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். அந்தப் பானை மட்டும் என்றும் வெறுமையாகாதிருக்க இறைவன் அருள்வாராக.