தராசில் ஏறிய வரலாறு

ஆய்வகத்தில் தராசைத் தொடும்போதெல்லாம் ஒருவர் என் நினைவுக்கு வருவார். அவர் எடை போட்டது உப்பையோ படிகத்தையோ அன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட வெள்ளிக் காசுகளை! அவர்தாம் கணிதப் பேராசிரியரும் வரலாற்றறிஞருமான தாமோதர் தர்மானந்த கோசாம்பி.

கோவாவிலுள்ள கோஸ்பென் என்னும் சிற்றூரில் 1907-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் தர்மானந்தர் சிறந்த பௌத்த அறிஞர். அவருடன் 1918-இல் அமெரிக்கா சென்ற கோசாம்பி, 1929-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டத்துடன் தாயகம் திரும்பினார். பனாரஸ், அலிகார், புனே ஆகிய ஊர்களில் கணிதம் கற்பித்தார். பின்னர் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியரானார். மரபணுக்களின் இடைத்தொலைவைக் கணக்கிட 1944-இல் அவர் தந்த சூத்திரம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

புள்ளியியலைப் பழக ஒரு நடைமுறைக் கணக்கைத் தேடியவருக்குத் தட்சசீலத்தில் கிடைத்த முத்திரைக் காசுகள் கைகொடுத்தன. கை மாறும்போதெல்லாம் காசு சிறிது தேய்கிறது. ஒற்றைக் காசு நமக்கு எதையும் சொல்லாது. ஆனால், ஒரே வகைக் காசுகள் பலவற்றை எடை போட்டுச் சராசரி கண்டால், மிகுதியாகத் தேய்ந்தவையே நெடுங்காலம் புழங்கியவை என்பது புலனாகும். இவ்வாறு, எழுத்தே இல்லாத காசுகளைக் கால வரிசையில் அடுக்க வழி கண்டார்!

காசுகளை வெளியிட்டவர் யார் என்ற கேள்வி அவரை வடமொழி நூல்களிடம் அழைத்துச் சென்றது. நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டு, பர்த்ருஹரியின் பாடல்களை 1948-இல் பதிப்பித்தார். ஏட்டோடு நின்றாரா? இல்லை. புனேயைச் சுற்றிய குன்றுகளில் நடந்தார். ஆட்டிடையர் செல்லும் தடங்களையும், பாதைகள் கூடுமிடத்துத் தாய்த் தெய்வங்களையும், பழங்கற்கருவிகளையும் ஆராய்ந்தார். வரலாறு என்பது மன்னர் பட்டியலன்று, மக்கள் உழைத்துப் பிழைத்த முறைகள் மாறிவந்த கதையே என்று 1956-இல் வெளியிட்ட இந்திய வரலாற்று நூலில் நிறுவினார்.

அணுசக்தியைவிடச் சூரிய ஆற்றலே இந்நாட்டுக்கு ஏற்றது என்று அந்நாளிலேயே வாதிட்டார். 1962-இல் நிறுவனம் அவரது பணியை நீட்டிக்கவில்லை. ஆயினும் எழுதுகோல் ஓயவில்லை. 1966 சூன் 29-ஆம் நாள் மறைந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் முன்னோர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. வரலாறு நமக்குரியதன்று என்றே எண்ணியிருந்தேன். பெயரற்றோர் கை பட்டுத் தேய்ந்த காசும் வரலாறே என்பதைக் கோசாம்பியின் வாழ்வு எனக்கு உணர்த்தியது. நண்பர்களே! அறிவியல் மாணவனுக்கு வரலாறு எதற்கு என்று இனியும் கேட்கலாமா?